தெரியுதுன்னு ஒரு வார்த்தை

“கேன் யூ சீ மை ஹேண்ட்?”

டாக்டரம்மா கேட்டார். எங்கள் வீட்டுக்காரரின் நல்ல கண்ணைக் கருப்பு மூடியால் மூடிவிட்டு, ஆபரேஷன் ஆன வலது கண்ணுக்கு எதிரே தன் கையை நீட்டி மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினார். அறையில் விளக்கைக் குறைத்திருந்தார்கள். ஏசி குளிரோடு மருந்து வாசம் அடித்தது. நான் சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் பதில் சொல்லவில்லை.

டாக்டரம்மா கையைக் கொஞ்சம் மேலே தூக்கினார், இறக்கினார். “மிஸ்டர் சகாயராஜ், கேன் யூ சீ இட் மூவிங்?” என்று மறுபடி கேட்டார். அவர் வாயே திறக்கவில்லை. ஒரு வாரமாக அந்த மனுஷன் குப்புறப் படுத்துக் கிடந்ததெல்லாம் இந்த ஒரு கேள்விக்காகத்தான். ‘தெரியுது’ன்னு ஒரு வார்த்தை வந்தால் கண் பிழைத்தது. வராவிட்டால் அவ்வளவுதான்.

அந்த அறையை அப்படியே நிறுத்திவிட்டுக் கொஞ்சம் பின்னால் போகிறேன். கோபப்படாதீர்கள். அன்றைக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் மனசும் இப்படித்தான் எங்கெங்கோ போய்விட்டு வந்தது.

கண்ணாடி துடைத்த கதை

எங்கள் வீட்டுக்காரர் கிரேன் ஆபரேட்டர். ரோட்டில் போகிற கிரேன் இல்லை. ஃபேக்டரி ஷெட்டுக்குள் கூரையை ஒட்டித் தண்டவாளம் மாதிரி போட்டிருப்பார்களே, அதில் ஓடுகிற கிரேன். அதன் அடியில் ஒரு கண்ணாடிக் கேபின் தொங்கும். காலையில் ஏணி ஏறி அதில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். கீழே மஞ்சுநாத் என்கிற பையன் நின்றுகொண்டு கையால் சைகை காட்டுவான். பையன் என்று நான்தான் சொல்கிறேன், அவனுக்கும் மீசை நரைக்க ஆரம்பித்துவிட்டது. இவர் அவன் கையைப் பார்த்து இரும்புச் சுருளைத் தூக்குவார், நகர்த்துவார், இறக்குவார். இரைச்சலில் பேச்சுக்கே வழியில்லை. எல்லாம் கை பார்த்து நடக்கிற வேலை.

மழை பிடித்திருந்த சமயம். “கேபின் கண்ணாடி ஒரே கிரீஸ், எவ்வளவு துடைச்சாலும் ஓரத்துல கருப்பு நிக்குது” என்று ஒரு நாள் சாயங்காலம் சொன்னார். மறுநாள் வீட்டிலிருந்து பழைய பனியனும் சோப்புத் தண்ணீரும் கொண்டுபோனார். அதற்கடுத்த நாள் மண்ணெண்ணெய். கருப்பு போகவில்லை. மேலிருந்து திரை மாதிரி இறங்கிக்கொண்டே வந்ததாம். இவர் கண்ணாடியைத் திட்டிக்கொண்டே துடைத்திருக்கிறார்.

வருஷக்கணக்காகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து உலகத்தைப் பார்க்கிறவருக்கு, கோளாறு கண்ணாடியில்தான் இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. கண்ணில் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

மஞ்சுநாத்துக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. இவர் சுருளை இறக்கும்போது வண்டிக்கு நடுவில் இறக்காமல் ஓரமாக இறக்கினார். அவன் ரெண்டு கையையும் விரித்து நிறுத்தச் சொல்லிவிட்டு, ஏணி ஏறி மேலே போய் கேபின் கண்ணாடியைத் தன் கையால் தொட்டுப் பார்த்தான். பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்திருக்கிறது. “அண்ணா, கண்ணாடில ஏனூ இல்லா, ஒண்ணுமே இல்லை. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றான்.

அன்றைக்கே மல்லேஸ்வரம் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உள்ளே விழித்திரை கழன்றிருக்கிறது என்றார்கள். சுவரிலிருந்து வால்பேப்பர் உரிகிற மாதிரி என்று டாக்டரம்மா கையால் காட்டினார். அந்த ராத்திரி முதல் எனக்கு எந்தச் சுவரைப் பார்த்தாலும் பயமாக இருந்தது.

நான் கற்றுக்கொடுக்கிற பொய்

இப்போது என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். ஓசூர் ரோட்டில் ஒரு கஸ்டமர் சப்போர்ட் ஆபீஸில் புதுசாகச் சேர்கிறவர்களுக்கு இங்கிலீஷ் பயிற்சி கொடுக்கிறேன். பொம்மனஹள்ளி, சந்தாபுரா, அத்திபெலே என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். பாதிப்பேர் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், போனில் இந்தி. எல்லோரும் முதல் நாளே செய்கிற காரியம் ஒன்று உண்டு. “ஐ ஆம் சீயிங் யுவர் ஆர்டர், சார்” என்பார்கள்.

அப்படிச் சொல்லக்கூடாது, “ஐ கேன் சீ யுவர் ஆர்டர்” என்று சொல்ல வேண்டும் என்பேன். அவர்களுக்கு அது புரியாது. பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம், அதில் ‘முடியும்’ எங்கிருந்து வந்தது என்பார்கள். நியாயமான கேள்வி. தமிழில் ஜன்னலைத் திறந்தால் ‘தெரு தெரியுது’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். தெருதான் வந்து நம் கண்ணில் படுகிறது. நம் சாமர்த்தியம் எதுவும் அதில் இல்லை. இங்கிலீஷ்காரருக்கு அப்படிச் சொல்லி ஆறாது. எதிரே இருப்பதைப் பார்ப்பதற்கும் ஒரு ‘கேன்’ சேர்த்துக்கொள்வார். அதே ‘கேன்’னை ‘லுக்’கோடு சேர்த்தால் கதை வேறு. “ஐ கேன் லுக்” என்றால் இன்னும் பார்க்கவில்லை, வேண்டுமானால் பார்க்கிறேன் என்று அர்த்தம். “ஐ கேன் சீ” என்றால் ஏற்கெனவே கண்ணில் பட்டாயிற்று.

‘மஸ்ட் சீ’ என்றால் கட்டாயம் பார் என்று கையைப் பிடித்து இழுப்பது. ‘மஸ்ட் ஹாவ் சீன்’ என்றால் பார்த்திருப்பான் என்று நாமாக முடிவு கட்டுவது. ‘கேன்’னின் இறந்தகாலமான ‘குட்’டைப் போட்டு ‘குட் சீ’ என்றால் அப்போது கண்ணில் பட்டது. ‘குட் ஹாவ் சீன்’ என்றால் பார்த்திருக்கலாம், பார்த்தானோ இல்லையோ. போர்டில் இதையெல்லாம் எழுதும்போது எனக்கே ஒரு சந்தோஷம் இருக்கும்.

ஆனால் என் வகுப்பில் ராஜா வாக்கியம் வேறொன்று. “யூ ஷுட் பீ ஏபிள் டு சீ இட் சூன்.” கஸ்டமர் தன் பணம் எங்கே என்று கேட்டால், வரும் என்று சொல்லக்கூடாது. வராது என்றும் சொல்லக்கூடாது. நமக்கு ஒன்றும் தெரியாது என்றும் காட்டிக்கொள்ளக்கூடாது. அதற்குத்தான் இந்த வாக்கியம். கேட்கிறவர் மனசு குளிரும், நாளைக்குக் குற்றம் சொல்ல வந்தால் பிடிக்க ஒரு நுனி இருக்காது. இதைச் சொல்லும்போது குரல் எங்கே ஏறணும், எங்கே இறங்கணும் என்று நடித்தே காட்டுவேன்.

ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வெளியே வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு, என் தோளைத் தொட்டு, “டோண்ட் வொர்ரி. ஹி ஷுட் பீ ஏபிள் டு சீ” என்றார்.

குரல் சரியாக நான் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் ஏறியது, நான் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்திலிருந்த மஞ்சுநாத், “அக்கா, நல்லதுதானே சொன்னாங்க, ஏன் அழறே?” என்றான். அவனுக்கு நான் என்னவென்று விளக்குவது?

குப்புறப் படுத்த வாரம்

கண்ணுக்குள் காற்றடைத்துவிட்டிருந்தார்கள். அந்தக் காற்றுக் குமிழி மேலே எழும்பி விழித்திரையை ஒட்டிப் பிடிக்க வேண்டுமானால், ஆள் எப்போதும் முகத்தைத் தரையைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம், பாத்ரூம் எல்லாம் தலை குனிந்தபடிதான். டாக்ஸியில் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது தெருவே எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டம்மா, “சார் ஏன் தலையைத் தொங்கப் போட்டிருக்காரு, ஆபீஸ்ல ஏதாச்சும் பிரச்சினையா?” என்று என் காதைக் கடித்தாள்.

கட்டில் ஓரத்தில் ரெண்டு தலையணைக்கு நடுவே இடைவெளி விட்டு, அதில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டார். அவருடைய குரல் தரையிலிருந்துதான் வரும். அவரோடு பேச வேண்டுமானால் நான் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு மல்லாந்து படுக்க வேண்டும். படுத்தேன். அவருடைய முகம் எனக்கு நேர் மேலே, கன்னமெல்லாம் தொங்கி, வேறு யாரோ மாதிரி இருந்தது. சிரித்துத் தொலைத்தேன். அவரும் சிரித்தார்.

“என்னா சொன்னாங்க டாக்டர்? உள்ளதைச் சொல்லு.”

“பார்வை வரும்னாங்க.”

“வரும்னாங்களா, வரலாம்னாங்களா?”

மாட்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் சாப்பாட்டு நேரத்தில் என் வகுப்புப் புராணத்தைக் கேட்டுக் கேட்டு அவரும் பாதி வாத்தியாராகிவிட்டிருந்தார்.

“வரணும்னாங்க” என்றேன்.

“ஓ. ‘ஷுட்’டா” என்றார் தலையணைக்குள்ளிருந்து. “மைட்டுக்கு ‘ஷுட்’ தேவலாம்ல?”

“ரொம்பத் தேவலாம்ங்க.”

“அப்ப சரி, தூங்கு” என்றார். தூங்கவா முடியும்?

அந்த வாரம் முழுக்க எனக்கு இந்தச் சின்னச் சொற்களைப் பொறுக்குவதே வேலையாகப் போனது. சொட்டு மருந்து சந்தேகத்துக்கு ஆஸ்பத்திரிக்கு போன் போடுவேன். எடுக்கிற நர்ஸ் “ஹி மே சீ சம் லைட்” என்றால் ஒரு வாய் சோறு இறங்கும். “ஹி மைட் நாட் சீ மச் நௌ” என்றால் அதுவும் இறங்காது. அவர்கள் யோசித்துப் பேசினார்களோ, வாய்க்கு வந்ததைச் சொன்னார்களோ, நான் ஒவ்வொன்றையும் தராசில் போட்டுக்கொண்டிருந்தேன். ‘வில்’ என்று ஒரு தடவை யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கினேன். ஒருத்தரும் சொல்லவில்லை.

அவருக்கு வேறு பயம். ஒரு நாள் மத்தியானம், குக்கர் விசில் அடங்கின நேரத்தில், “ஸ்டெல்லா, கிரேனை விட்டா எனக்கு என்ன தெரியும்?” என்று கேட்டார். நான் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு அவருடைய மூக்கைப் பார்த்தபடி, “முதல்ல கண்ணு வரட்டும்” என்றேன். அவருடைய கண்ணீர் நேராக என் கன்னத்தில் விழுந்தது. மருந்து வழியுது என்று ரெண்டு பேருமே சொல்லிக்கொண்டோம்.

அவர் கை

மறுபடி அந்த இருட்டறைக்கு வருகிறேன்.

டாக்டரம்மா மூன்றாவது தடவை கையை ஆட்டினார். இடது பக்கம், வலது பக்கம், கொஞ்சம் மேலே. இவர் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா கையை ஆட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் நான் குனிந்துகொண்டேன்.

குனிந்ததால்தான் பார்த்தேன். நாற்காலிக் கைப்பிடியில் இருந்த அவருடைய ரெண்டு கையும் மூடியிருந்தன. டாக்டரம்மாவின் கை இடது பக்கம் போனதும் இவருடைய இடது கை கொஞ்சம் முன்னால் போனது. அந்தக் கை நின்றதும் இதுவும் நின்றது. மேலே தூக்கினதும் இவருடைய வலது கை மெல்லப் பின்னால் இழுத்தது. இல்லாத லீவரை இழுத்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர், அவர் கையைப் பாருங்க, கை. அவருக்குத் தெரியுது” என்று தமிழில் கத்திவிட்டேன். என் இங்கிலீஷ் எல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

டாக்டரம்மா பார்த்தார். வேண்டுமென்றே கையை வேகமாக இறக்கினார். இவருடைய வலது கை முன்னால் தள்ளியது. கையை விரித்து நிறுத்தினார். இவரும் நிறுத்தினார். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

“ஏங்க, வாயைத் திறந்து சொன்னா என்ன?” என்று நான் அவர் தோளிலேயே ஒன்று போட்டேன்.

அவர் திகைத்துப்போய், “அதான் பண்ணிட்டு இருக்கேனே. சைகை காட்டும்போது யாராச்சும் பேசுவாங்களா?” என்றார்.

நான் அந்த அறையிலேயே அழுதேன். கூச்சப்படாமல், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அழுதேன்.

கோணலான வாசற்படி

கதை இங்கே சுபமாக முடிந்திருக்கலாம். முடியவில்லை.

குமிழி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. கண்ணுக்குள் ஒரு கோடு, கொத்தனார் ரசமட்டம் மாதிரி ஆடுது என்றார். கோட்டுக்கு மேலே தெளிவு, கீழே கருப்பு. நாள் ஆக ஆகக் கோடு இறங்கியது. ஒரு நாள் என் நெற்றி தெரிந்தது, அப்புறம் மூக்கு, அப்புறம் முழு முகம். “தலைக்கு மை போடக் கூடாதா” என்பதுதான் முழு முகத்தையும் பார்த்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை. அன்றைக்கு முழுக்க நான் பாடிக்கொண்டே வேலை செய்தேன்.

ஆனால் குமிழி போன பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது. நேர்க்கோடெல்லாம் வளைந்து தெரிந்தது. வாசற்படி கோணல், ஜன்னல் கம்பி கோணல். டம்ளருக்குக் காபி ஆற்றினால் பாதி மேசையில் ஊற்றினார். தூரம் பிடிபடவில்லை. நான் துணியால் துடைத்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தேன். நான் பார்க்காத மாதிரி இருப்பதையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

போர்டில் எழுத்து படிக்கும் பரீட்சையில் பாஸாகிவிட்டார். ரெண்டு கண்ணும் சேர்ந்து போதுமான அளவு படித்துவிட்டன. டாக்டரம்மா, “ஹி மே கோ பேக் டு வொர்க், பட் ஹி ஷுட் பீ கேர்ஃபுல்” என்றார். ஃபேக்டரி மெடிக்கல் ஆபீசர், “ஹி கேன் ட்ரை” என்றார். ஆக எல்லோரும் தங்கள் பங்குக்கு ஒரு சின்னச் சொல்லை எங்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். குற்றமில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எனக்கு மட்டும் நெஞ்சுக்குள் இரும்புச் சுருள் ஒன்று தொங்கிக்கொண்டே இருந்தது. அவர் மேலே ஏறி, கீழே மஞ்சுநாத் நின்று, இவருக்குத் தூரம் ஒரு முழம் தப்பினால்? போகாதீங்க என்று சொல்லவும் மனசு வரவில்லை. அந்த வேலைதான் அவருடைய உயிர்.

வேலைக்குப் போன முதல் நாள், வகுப்பில் நான் என்ன பேசினேனோ கடவுளுக்கே வெளிச்சம். சாயங்காலம் அவர் மெட்ரோவிலிருந்து இறங்கி வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். கேபினில் ஏறி உட்கார்ந்தாராம். மஞ்சுநாத் கீழே நின்று சைகை காட்டினான். கை நன்றாகத் தெரிந்ததாம். ஆனால் கைக்கும் கொக்கிக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று மட்டும் தெரியவில்லை. வெறும் கொக்கிதான், சுமை எதுவும் மாட்டவில்லை. அப்படியே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு இறங்கிவந்து, சூப்பர்வைசரிடம், “சார், நான் இனி மேல ஏற மாட்டேன்” என்று சொல்லிவிட்டாராம்.

ஏறலாம், ஏறக்கூடும், ஏறிப் பார்க்கட்டும் என்று ஊரெல்லாம் சொன்னதற்கு அவர் ஒருவர்தான் நேராகப் பதில் சொன்னார். சொல்லிவிட்டு, சட்டைகூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காபி கலந்து, நானே ஆற்றி, கையில் கொடுத்தேன்.

மேலே இருக்கிறவர்

மஞ்சுநாத்திடமும் கிரேன் ஓட்டுகிற சர்டிபிகேட் இருந்தது. இப்போது அவன் மேலே, இவர் கீழே. மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, கை நீட்டிச் சைகை காட்டுகிறார். “என்னைவிட அவன் கை மெதுவு, ஆனா பத்திரம்” என்று சொல்கிறார். சம்பளம் குறையவில்லை, மரியாதையும் குறையவில்லை. சாப்பாடு இறங்குகிறது, தூங்குகிறார். அவருக்குச் சரியாகிவிட்டது.

எனக்குத்தான் ஆகவில்லை. முன்னெல்லாம் அவர் சுமைக்கு மேலே இருந்தார். இப்போது சுமைக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மஞ்சுநாத் சாப்பிட வந்திருந்தான். டிவியில் ஸ்கோரைப் பார்க்கக் கண்ணை இடுக்கினான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இடுக்கினான். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

“மஞ்சு, கடைசியா எப்ப கண்ணு காட்டினே?”

“ஏனக்கா, நங்கேனு ஆகிதே? எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு” என்று சிரித்தான்.

“வெங்காயத்துக்குத்தான் அவன் கண்ணு எரியுது, விடேன்” என்றார் இவர்.

நான் விடவில்லை. மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, அவனையும் லீவு போட வைத்து, முனகிக்கொண்டே வந்தவனை மெட்ரோவில் ஏற்றி அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கவுன்டரில் இருந்த பெண் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பேரைக் கேட்டாள், வயசைக் கேட்டாள், பிறகு கன்னடத்தில், “இவரு நிமகே ஏன் ஆகபேகு?” என்றாள். இவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்கிறாள்.

மஞ்சுநாத் கூச்சத்தோடு எங்கேயோ பார்த்தான். தம்பி என்று சொல்லிவிட்டிருக்கலாம்.

“என் வீட்டுக்காரரை மேலேர்ந்து பார்க்கிறவர்மா” என்று தமிழிலேயே சொன்னேன். “கொஞ்சம் நல்லா பார்த்து அனுப்புங்க.”